ஜிம்மி சேம்பர்லின் இல்லாமல் ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் உண்டா?

தாளக்கட்டு:
1988-ல் அமெரிக்க ராக் பேண்டான ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் பாடகர் பில்லி கோர்கனும் கிட்டாரிஸ்ட் ஜேம்ஸ் இஹாவும் ட்ரம் மெஷினோடு மேடையேறினார்கள். சிகாகோ மெட்ரோ அரங்கின் உரிமையாளர், மெஷினுக்குப் பதில் ட்ரம்மர் இருந்தால்தான் வாய்ப்பு என்றார். அப்படி வந்தவர்தான் ஜாஸில் ஊறிய சேம்பர்லின். பாட்டுகளுக்குக் கனம் வந்தது அதற்குப் பிறகே. பேண்டின் சரிபாதி அவர் என்பது என் கட்சி.

மந்தரம்:
ஒத்துக்க முடியாது. 'சயாமீஸ் ட்ரீம்' (1993) ஆல்பத்தில் கிட்டார், பேஸ் இரண்டையும் பெரும்பாலும் கோர்கனே வாசித்தார். கிட்டார் மேல் கிட்டாராக அடுக்கிய அந்தச் சத்தம்தான் பம்ப்கின்ஸ். அமெரிக்காவின் ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் அவர்கள் தொட்ட உச்சம் 12-ஆம் இடம். அந்தப் பாட்டு '1979', ட்ரம் லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும் ட்ரம் பதிவுத் துண்டு) ஓடுவது.

தாளக்கட்டு:
எல்லாவற்றையும் தானே வாசித்தவர் ட்ரம்ஸை மட்டும் ஏன் விட்டுவைத்தார்? 'சேரப் ராக்' ஸ்நேர் ட்ரம்மின் ரோலில்தான், அதாவது விடாத விரைவு அடியில்தான் தொடங்குகிறது. 'டுநைட், டுநைட்' பாட்டில் அத்தனை வயலின்களுக்கு நடுவே ஓட்டத்தைப் பிடித்து வைப்பதும் ஸ்நேர்தான்.

மந்தரம்:
ரோல் கேட்கிறது, சரி. அழுத்தமான அடிகளுக்கு நடுவே மிக மெதுவாக விழும் கோஸ்ட் நோட்? கிட்டாரின் அவ்வளவு கரகர டிஸ்டார்ஷனுக்குள் அது கேட்டால் பாராட்ட வேண்டியது மிக்ஸ் பண்ணினவரை.

ஸ்நேர்14:
மந்தரம் சார், பாதிதான் சரி. ஸ்நேர் மைக்கில் கேட் (குறைந்த சத்தத்தை அடைப்பது) போட்டு, அது திறக்கும் அளவான த்ரெஷோல்டை ஆக்சென்ட் (அழுத்தி அடிக்கும் நோட்) அளவுக்கு ஏற்றினால் கோஸ்ட் நோட் மொத்தமும் அறுந்துவிடும். முழுசாக மூடாமல் 6 முதல் 10 டெசிபல் மட்டும் குறைகிற மாதிரி வைக்கணும். சத்த வித்தியாசத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரை அழுத்தி மேலே இழுத்தாலோ, பக்கத்து ஹை-ஹேட் சிம்பலின் கசிவும் கூடவே ஏறும். ஆகவே கையில் சமநிலை இல்லாததை மிக்ஸில் கொண்டுவர முடியாது.
பழக நினைப்பவர்கள் 60 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 60 பீட்) பதினாறாம் நோட்டுகளாக (பீட்டுக்கு நான்கு) வாசியுங்கள். 2, 4-ஆம் பீட்டில் மட்டும் ஆக்சென்ட். மற்றதெல்லாம் ஸ்டிக் முனை தோலிலிருந்து 2, 3 சென்டிமீட்டருக்கு மேல் எழக்கூடாது. பலரும் சறுக்குவது ஆக்சென்ட்டுக்கு அடுத்த நோட்டில். ஸ்டிக் துள்ளி உயரே போய்விடுவதால் அது தேவைக்கு மேல் சத்தமாக விழும். அடித்த கையோடு விரல்களால் பிடித்துத் தாழ்வாகவே நிறுத்தணும். இது கைகூடாமல் வேகத்தை ஏற்றிப் பயனில்லை.

மந்தரம்:
விளக்கத்துக்கு நன்றி. ஆனால் 1996-ல் அவரை நீக்கிய பிறகு, மெஷினும் மாற்று ட்ரம்மர்களுமாக 'அடோர்' (1998) வந்ததே. எனக்கு அவர்களின் மிக அழகான ஆல்பம் அது.

தாளக்கட்டு:
அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அமைதியான ஆல்பம். மறுபடி சத்தம் தேவைப்பட்ட 'மஷீனா'வுக்கு (2000) யாரைக் கூப்பிட்டார்கள்? அவரையேதான்.

மந்தரம்:
2009-ல் அவர் விலகியதும் 19 வயது மைக் பைர்ன் வந்தார். 'ஓஷியானியா' (2012) சத்தமான ராக் ஆல்பம்தானே?

தாளக்கட்டு:
அதன் முதல் பாட்டு 'குவேசார்' கேளுங்கள். பைர்ன் நன்றாகவே வாசிக்கிறார், ஆனால் வாசிப்பது சேம்பர்லின் பாணியை. அந்தப் பாட்டுகள் அதைத்தான் கேட்கின்றன. 2015-ல் சேம்பர்லினே திரும்ப வந்து உட்கார்ந்ததும் அதனால்தான் என்பேன்.

மந்தரம்:
பாணி அவருடையது என்பது வரை வருகிறேன். சரிபாதிக்கு இன்னும் வரவில்லை.