மறு: கோப்பு மேலாளரில் ‘க்யூ’: முறைவரிசை என்று வைக்கலாமா?

வணக்கம்.

லினக்ஸில் பெரிய கோப்புகளை ஒன்று முடிந்து ஒன்றாக நகலெடுக்க எந்தக் கோப்பு மேலாளர் (கோப்புகளைப் பார்க்க, நகலெடுக்க உதவும் மென்பொருள்) நல்லது என்று கேட்டவர் இன்னும் இந்த இழையில் இருக்கிறாரா தெரியவில்லை. அவருக்குப் பதில் சொல்லாமலே, நகல் வேலைகள் தம் முறைக்குக் காத்து நிற்கும் ‘க்யூ’வுக்குத் தமிழில் என்ன சொல் என்று நாம் சண்டை போட ஆரம்பித்துவிட்டோம். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். மென்பொருள் என்ன செய்கிறது என்று பார்க்காமல் அதற்குப் பெயர் வைத்தால் அந்தப் பெயர் நிற்காது.

> ‘வரிசை’ போதுமே. ரேஷன் கடையில் நிற்பதும் வரிசைதான். கணினிக்கு மட்டும் ஏன் புதுச்சொல்?

வேறு மென்பொருளாக இருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். அச்சுப்பொறிக்கு ‘அச்சு வரிசை’ என்றால் யாருக்கும் குழப்பமில்லை. ஆனால் கோப்பு மேலாளரின் ‘பார்வை’ பட்டியைத் திறந்து பாருங்கள். பெயர்வாரியாக வரிசைப்படுத்து, அளவுவாரியாக வரிசைப்படுத்து, தேதிவாரியாக வரிசைப்படுத்து. அந்தச் சாளரத்தில் ‘வரிசை’ ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டது. அதே சாளரத்தில் ‘வரிசை நகல்’ என்று ஒரு பொத்தான் வந்தால், கோப்புகளை அகர வரிசையில் நகலெடுக்கும் போலிருக்கிறது என்றுதான் புதிதாகப் பார்ப்பவர் நினைப்பார். ‘நிரை’யும் இப்படித்தான். பள்ளிக் கணக்கில் நிரை, நிரல் என்று படித்தவருக்கு அது பட்டியலில் ஒரு கிடைவரி.

> தரவுக் கட்டமைப்புப் பாடத்தில் க்யூவுக்குச் ‘சாரை’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அழகான சொல். பாம்பு நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் கேலி செய்திருந்தார், அதை விடுங்கள். என் தயக்கம் வேறு. சாரை சாரையாகப் போகும் எறும்புகள் எல்லாமே நகர்ந்துகொண்டிருக்கின்றன. நமக்கு வேண்டிய காட்சியில் நகர்வது ஒன்றுதான். மற்றவை தம் முறை வரும்வரை சும்மா நிற்கின்றன. அந்தக் காத்திருப்பு சொல்லில் தெரியவேண்டும். ‘காத்திருப்புப் பட்டியல்’ என்றால் காத்திருப்பு வந்துவிடும்தான், ஆனால் ரயில் டிக்கெட் எடுத்துப் பழகிய நமக்கு, கடைசியில் உறுதியாகுமா ஆகாதா என்ற பயமும் கூடவே வரும்!

இந்தக் காத்திருப்பு ஏன் முக்கியம் என்றால், சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு பெரிய நகல்கள் ஒரே சமயத்தில் ஓடினால் படிக்கும் முனை இரண்டு இடங்களுக்கும் மாறி மாறித் தாவவேண்டும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் வட்டில் சரியான தடத்துக்கு முனை போய்ச் சேரவே சுமார் 8, 9 மில்லிநொடி. அப்புறம் தேவையான பகுதி சுற்றிக்கொண்டு முனைக்கடியில் வரச் சராசரியாக இன்னும் 4 மில்லிநொடி. தாவும் நேரத்தில் ஒரு பைட் கூட நகர்வதில்லை. அதனால் இரண்டையும் சேர்த்து விட்டால், ஒன்றன்பின் ஒன்றாக விடுவதைவிட மொத்தத்தில் தாமதமாகவே முடியும். எஸ்எஸ்டி வகை டிஸ்க்கில் தாவ முனையே இல்லை, இந்தத் தொல்லை பெரிதாகத் தெரியாது. பென் டிரைவிலும் முனை கிடையாது, ஆனாலும் எழுதும்போது நன்றாகவே தெரியும்.

கடைமடை வரை போதாத தண்ணீரை எல்லா வாய்க்காலிலும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் எவன் வயலும் நனையாது. அதனால்தான் முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். முறைப்பாசனம் என்று செய்தித்தாளிலும் அப்படியேதான் எழுதுகிறார்கள். குறைவாக இருக்கும் ஒன்றை ஒருவர் முடித்தபின் அடுத்தவர் எடுத்துக்கொள்வது என்ற பொருள் ‘முறை’யில் ஏற்கெனவே இருக்கிறது. நாம் புதிதாக எதையும் ஏற்றவேண்டாம். ஆகவே என் பரிந்துரை: செயலுக்கு ‘முறைவைத்து நகலெடு’, காத்திருக்கும் பட்டியலுக்கு ‘முறைவரிசை’, பொத்தானுக்கு ‘முறையில் சேர்’.

‘முறை’ என்று தனியாக விடக்கூடாது. “3 முறை” என்று எங்காவது வந்தால் மூன்று தடவை நகலெடுத்ததா, மூன்று வேலைகள் காத்திருக்கின்றனவா என்று புரியாது. எண்ணிக்கை வரும் இடத்தில் “முறைவரிசையில் 3 வேலைகள்” என்று முழுசாகவே எழுதலாம், இடம் இருக்கிறது. நகலா படியா என்ற பழைய வழக்கை இதில் இழுக்காதீர்கள். ‘படியெடு’ எனக்கும் பிடிக்கும், ஆனால் பட்டிகளில் எல்லாம் ‘நகலெடு’ உட்கார்ந்து வெகுகாலமாகிறது.

இனி டபுள் கமாண்டர், நீமோ, துனார் என்ற மூன்று கோப்பு மேலாளர்களில் வைத்துப் பார்ப்போம். டபுள் கமாண்டரில் நகல் உரையாடல் பெட்டியிலேயே எஃப்2 அழுத்தினால் வேலை க்யூவுக்குப் போகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட க்யூக்களும் வைத்துக்கொள்ளலாம். தனித்தனி டிஸ்க்குகளுக்கிடையே நடக்கும் நகல்களை ஒன்றுக்காக ஒன்று காக்க வைப்பதில் அர்த்தமில்லையே. அங்கே “முறைவரிசை 1”, “முறைவரிசை 2”, “புதிய முறைவரிசை” எல்லாம் இடறாமல் உட்காருகின்றன. “சாரை 2” என்று அதே இடத்தில் போட்டுப் படித்துப் பாருங்கள்.

நீமோவில் கேட்காமலே நடக்கும். ஒரு நகல் ஓடும்போது இன்னொன்றை ஒட்டினால் அது காத்து நிற்கும். அவசரமென்றால் அதையும் உடனே ஓடவிட ஒரு பொத்தான் உண்டு. இங்கே பெயர்ச்சொல்லே வேண்டாம், “தன் முறைக்குக் காத்திருக்கிறது” என்ற நிலைக்குறிப்பு போதும்.

துனாரில்தான் சிக்கல். அது எக்ஸ்எஃப்சிஇ என்ற லினக்ஸ் மேசைச்சூழலோடு வருவது. 2020 டிசம்பரில் வந்த எக்ஸ்எஃப்சிஇ 4.16 முதல் அதில் இந்த வசதியும் இடைநிறுத்தும் வசதியும் இருக்கின்றன. ஆனால் அமைப்புகளில் கேள்வி தலைகீழாக இருக்கிறது: கோப்புகளை ஒரே சமயத்தில் அனுப்பலாமா? ‘எப்போதும்’ என்பது ஒரு கோடி, ‘ஒருபோதும் வேண்டாம்’ என்பது மறு கோடி, நடுவில் உள்ளகக் கோப்புகளுக்கு மட்டும், சாதனம் சும்மா இருந்தால் மட்டும் என்று சில நிலைகள். முறைவைக்க விரும்புகிறவர் ‘ஒருபோதும் வேண்டாம்’ என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும்! அந்த இடத்தில் சொல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை. தலைப்பை “ஒரே நேரத்தில் பல நகல்கள்” என்று எளிமையாக எழுதிவிட்டு, கடைசித் தெரிவை “வேண்டாம், முறைவைத்து நகலெடு” என்று விரிக்கலாம் என்பது என் எண்ணம். மூலத்தில் இல்லாததைச் சேர்க்கிறோம் என்பார்கள். சொல்லட்டும், பயனருக்குப் புரிந்தால் சரி.

கேட்டவருக்கு: லினக்ஸ் மிண்ட்டின் சின்னமன் பதிப்பில் இருந்தால் நீமோவே போதும், எதையும் மாற்றவேண்டாம். பழைய கணினியில் எக்ஸ்எஃப்சிஇ என்றால் துனார், மேலே சொன்ன அமைப்போடு. தினமும் நான்கைந்து வெளி டிஸ்க்குகளோடு மல்லுக்கட்டுகிறவர் என்றால் டபுள் கமாண்டர். இரண்டு அடைவுகளை (ஃபோல்டர்களை) அருகருகே காட்டும் அதன் இரட்டைப் பலகம் பழகச் சில நாள் பிடிக்கும். எதில் செய்தாலும் முன்னேற்றப் பட்டை நிரம்பியதும் பென் டிரைவைப் பிடுங்கிவிடாதீர்கள். லினக்ஸ் நினைவகத்தில் வைத்திருப்பதை இன்னும் எழுதிக்கொண்டிருக்கலாம். பாதுகாப்பாக வெளியேற்றியபின் எடுங்கள்.

ஒன்று மிச்சமிருக்கிறது. காத்திருக்கும் வேலையைப் பட்டியலில் மேலே ஏற்றுவதற்கு என்ன சொல்லலாம்? ‘முன்னே நகர்த்து’ என்று எழுதினால், கோப்பையே வேறு அடைவுக்கு நகர்த்துவது என்று படுகிறது. ‘முறையை முந்தவை’ என்று யோசித்தேன், வாயில் சரியாக வரவில்லை. யாரிடமாவது இதைவிட நல்லது இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள். ‘முறைவரிசை’க்கு மறுப்பு இருந்தாலும்தான்.