அப்டேட்டுக்குப் பிறகு திரையில் பச்சைக் கோடு, என்ன செய்யலாம்?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். 72,000 ரூபாய் போன். கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. சாஃப்ட்வேர் அப்டேட் போட்ட மறுநாள் திரையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை மெல்லிய பச்சைக் கோடு. ஸ்கிரீன்ஷாட்டில் அது விழவில்லை, ஆகவே கோளாறு டிஸ்ப்ளே பேனலில்தான். வாரண்டி முடிந்துவிட்டது, மாற்ற 18,000 ஆகும் என்கிறார்கள் சர்வீஸ் சென்டரில். இவ்வளவு விலை கொடுத்த பொருள் இரண்டு வருடம்கூட உழைக்காதா? மனசே ஆறவில்லை.

அமோலெட் திரையில் இப்படிக் கோடு விழுந்து, வாரண்டி முடிந்தபிறகும் இலவசமாக மாற்றி வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? யாருக்கு எழுதினீர்கள்? முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லப்போகிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. அப்டேட்டால்தான் வந்தது என்று காட்ட என்ன ஆதாரம் கேட்பார்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.