ஸ்காட் ஃப்ராஸ்ட் காலத்துல நெப்ராஸ்காவில இருந்தவங்க வாங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

சோளக்காட்டு நரி:
2018-லேருந்து 2022 வரைக்கும் லிங்கன்லயோ ஓமஹாவிலயோ குப்பை கொட்டினவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க. ஹஸ்கர்ஸ் ரசிகர்கள்கிட்ட மாட்டின கதை ஆளுக்கு ஒண்ணாவது இருக்கும். எடுத்து விடுங்க.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். நெப்ராஸ்காவுக்குன்னு என்எஃப்எல் (தொழில்முறை ஃபுட்பால்) அணி கிடையாது, என்பிஏ (பாஸ்கெட்பால்) அணியும் கிடையாது. மாநிலம் பூரா கொண்டாடுறது யுனிவர்சிட்டியோட அமெரிக்கன் ஃபுட்பால் டீம் ஹஸ்கர்ஸ் ஒண்ணைத்தான். மொத்த ஜனத்தொகையே சுமார் இருபது லட்சம்தான். அதுல எண்பத்தஞ்சாயிரம் பேருக்கு மேல மேட்ச் அன்னிக்கு மெமோரியல் ஸ்டேடியத்துல இருப்பாங்க. 1962-லேருந்து அங்க டிக்கெட் மிச்சமானதே இல்லைன்னு கணக்கு. (2021-ல ஃபோர்டம், பஃபலோ மேட்ச்களுக்கு வசதியானவங்க மிச்ச டிக்கெட்டை மொத்தமா வாங்கித்தான் அந்தக் கணக்கைக் காப்பாத்தினாங்க. அது வேற கதை.) டாம் ஆஸ்போர்ன் 25 சீசன் கோச். ஒரு சீசன்லகூட ஒன்பது வெற்றிக்குக் கீழ இறங்கல. அவரோட கடைசி சீசன் 1997. அந்த சாம்பியன் அணிக்குக் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தறவர்), வுட் ரிவர்ங்கற சின்ன ஊர்லேருந்து வந்த ஸ்காட் ஃப்ராஸ்ட். 2015-ல 12 மேட்ச்சும் தோத்துக் கிடந்த யூசிஎஃப் (சென்ட்ரல் ஃப்ளோரிடா யுனிவர்சிட்டி) அணியை, 2017-ல 13-க்கு 13 ஜெயிக்க வெச்ச கோச்சும் இவர்தான். அவர் சொந்த ஊருக்குக் கோச்சா திரும்பி வரார்னா எப்படி இருந்திருக்கும்? ஏழு வருஷத்துக்கு 35 மில்லியன் டாலர் சம்பளம். ஆரத்தி எடுக்காதது ஒண்ணுதான் பாக்கி.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் சோளம் போட்டு ரிடயர் ஆனவர். மேட்ச்சுக்குப் போனாலும் காதுல ரேடியோ இயர்ஃபோன் இருக்கும். கண்ணால பார்க்கறதை வர்ணனையாளர் சொன்னாத்தான் நம்புவார். 2018 முதல் மேட்ச் ஆக்ரன்கூட. கிக்-ஆஃப் முடிஞ்ச கையோட இடி மின்னல், ராத்திரி வரைக்கும் காத்திருந்து பார்த்துட்டு மேட்ச்சை ரத்து பண்ணிட்டாங்க. அடுத்த வாரம் கொலராடோகிட்ட 33-28. பதினெட்டு வயசுப் பையன் ஏட்ரியன் மார்ட்டினஸ் முட்டில அடி வாங்கி வெளிய போனான். அதுக்கடுத்து ட்ராய். "யாரு ட்ராய்?"னு கேக்கற அளவுக்கு இருந்த டீம். பெரியவருக்குத் துணையா அன்னிக்கு நானும் போயிருந்தேன். 24-19னு தோத்ததும் இயர்ஃபோனைக் கழட்டினார். ஒயரை விரல்ல நிதானமா சுத்தி, சட்டைப் பையில போட்டு, பட்டனையும் போட்டுட்டார். கார்ல வரும்போது ஒரு பேச்சு இல்லை. வீட்டு வாசல்ல இறங்கினதும், "அவன் நம்ம பையன்பா, டைம் குடுக்கணும்"னார். அந்த சீசன் 0-6னு (ஜெயிச்சது பூஜ்யம், தோத்தது ஆறு) ஆரம்பிச்சது. அந்த யுனிவர்சிட்டி சரித்திரத்துலயே அதுதான் முதல் தடவை.

ஓமஹா மாமி:
நரி தம்பி, எனக்கு ஃபுட்பால்ல அ ஆ கூடத் தெரியாது. ஆனா எங்காத்துல ஹஸ்கர்ஸ் அட்டவணைதான் பஞ்சாங்கம். சனிக்கிழமை மேட்ச் நேரத்துல போனா கடையில ஈ காக்கா இருக்காது, தள்ளுவண்டியை நம்ம இஷ்டத்துக்கு ஓட்டலாம். தோத்த அன்னிக்கு ஆறு மணிக்கு மேல மட்டும் போகக்கூடாது, பில் போடற பொண்ணு நிமிர்ந்தே பார்க்காது.

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில 2021 நவம்பர்ல நடந்த சண்டைதான் மறக்கவே மறக்காது. இவ்வளவு தோத்தும் ஃப்ராஸ்டை அனுப்பலை. சம்பளத்தை அஞ்சு மில்லியன்லேருந்து நாலாக் குறைச்சு, கூட இருந்த நாலு உதவி கோச்சுகளை வீட்டுக்கு அனுப்பிட்டா. மத்தியானம் சாப்பாட்டு ரூம்ல ஒரு மூத்த நர்ஸ் எழுந்து நின்னு கேட்டா: "அஞ்சு மில்லியன் வாங்கிண்டு தோத்தவன் நாலு மில்லியனுக்கு ஜெயிப்பானா?" எதிர்ல இருந்த பையன் டப்பாவை மூடிண்டு வெளிய போயிட்டான். அவனும் வுட் ரிவர்காரனாம், எனக்கு அப்புறம்தான் தெரியும்.

முடியாத பிஎச்டி:
கோச் ஒருத்தர் மேலயே பழியைப் போட்டுட்டு நகர்றது சுலபம். முன்னாடி கோச்சா இருந்த ஃப்ராங்க் சோலிச் 2003-ல 9-3 கணக்கு வெச்சிருந்தார், தூக்கிட்டாங்க. அடுத்து வந்த பில் கேலஹன் முதல் வருஷமே 5-6. 1961-க்கு அப்புறம் முதல் தடவையா தோல்வி சீசன். போ பெலினி 2008-லேருந்து எல்லா வருஷமும் குறைஞ்சது ஒன்பது ஜெயிச்சார், 2014-ல அவரையும் தூக்கிட்டாங்க. ஒன்பது வெற்றி பத்தாதுன்னு அனுப்பின ஊரு, 2021-ல மூணு வெற்றிக்கு வந்து நின்னுச்சு. இதுல ஃப்ராஸ்ட் பங்கு எவ்வளவு, நிர்வாகத்தோட பங்கு எவ்வளவு? 2011-ல பிக் 12 லீக்கை விட்டுட்டு பிக் டென் லீக்குக்குத் தாவினதுல, டெக்ஸாஸ்லேருந்து பசங்களை இழுக்கற வழியும் சுருங்கிப் போச்சு. இந்த மாநிலத்துல மட்டும் தேடினா எத்தனை ஆட்டக்காரங்க கிடைப்பாங்க?

என் அனுபவம்னு கேட்டீங்கன்னா: லேப்ல பக்கத்து மேஜைக்காரன் மேற்கு நெப்ராஸ்கா பையன். தாத்தா காலத்து சீசன் டிக்கெட் அவங்க குடும்பத்துல இருக்கு, அப்பாவும் சித்தப்பாவும் அதுக்காகவே ரெண்டு வருஷம் பேசாம இருந்தவங்க. 2021 செப்டம்பர்ல மிச்சிகன் ஸ்டேட் மேட்ச்சை அவன் ரூம்ல டிவியில பார்த்தோம். ரெண்டாவது பாதி பூரா எதிரணி எடுத்தது வெறும் 14 யார்டு. 20-13னு முன்னாடி இருக்கோம், நாலு நிமிஷம் பாக்கி. நெப்ராஸ்கா பன்ட் அடிக்கறாங்க, அதாவது பந்தை எதிரணி பக்கம் தூரமா உதைச்சு விடறது. நம்மாளுங்க எல்லாரும் வலப்பக்கம் ஓடறாங்க, பந்து இடப்பக்கம் போகுது. அங்க தடுக்க ஒரு நாதி இல்லை. எதிரணி ஆள் பிடிச்சு 62 யார்டு ஓட்டம், டச் டவுன் (பந்தோட கடைசிக் கோட்டைத் தாண்டிட்டான்). ஓவர்டைம்ல 23-20 தோல்வி. பையன் கத்தல, திட்டல. எழுந்து போய் பாத்திரம் தேய்க்க ஆரம்பிச்சான். தேய்ச்சு வெச்ச பாத்திரத்தையே எடுத்து மறுபடி தேய்ச்சான்.

சோளக்காட்டு நரி:
பிஎச்டி, உங்க கதையே உங்களுக்கு எதிரா சாட்சி சொல்லுது பாருங்க. 2021-ல தோத்த ஒன்பது மேட்ச்சும் ஒன்பது பாயின்ட்டுக்குள்ள. ஒண்ணுகூடப் பெரிய அடி இல்லை. ஐயோவாகிட்ட 21-6னு முன்னாடி இருந்து, பன்ட்டை பிளாக் பண்ணவிட்டு 28-21 தோல்வி. பசங்களுக்குத் திறமை இல்லைன்னா ஓஹையோ ஸ்டேட்டோட 26-17 வரைக்கும் வந்திருக்க முடியுமா? பன்ட், கிக் இதெல்லாம் வாரம் பூரா உட்கார வெச்சுப் பழக்கற சமாச்சாரம். அதுக்குன்னே தனியா ஒரு கோச்சை ஃப்ராஸ்ட் 2022-லதான் போட்டார். இது நிர்வாகம் பண்ணின தப்பா?

டப்ளின் குடிமகன்:
நான் நெப்ராஸ்கா பக்கமே போனதில்லை, நெப்ராஸ்காதான் என்னைத் தேடி வந்துச்சு. 2022 ஆகஸ்ட், டப்ளின் பூரா செவப்பு சட்டை. ஆபீஸ் நண்பன் டிக்கெட் இருக்குன்னு அவிவா ஸ்டேடியத்துக்கு இழுத்துட்டுப் போனான். நார்த்வெஸ்டர்ன்கூட மேட்ச். இன்டர்நெட் படுத்துக்கிச்சு, கார்டு மிஷின் வேலை செய்யல, சரின்னு பீரை ஓசியில ஊத்த ஆரம்பிச்சுட்டாங்க. அதனால மேட்ச் பத்தி என் சாட்சியம் எவ்வளவு செல்லும்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

பக்கத்து சீட்ல ஒரு தாத்தா, பேரனோட வந்திருந்தார். நெப்ராஸ்கா 28-17 முன்னாடி. திடீர்னு பந்தை நீளமா அடிக்காம, தாங்களே திரும்பப் பிடிக்கற மாதிரி கிட்டக்க உருட்டி விட்டாங்க. பிடிச்சது என்னவோ எதிரணி. தாத்தா ரெண்டு கையையும் தலையில வெச்சுட்டார். என்னாச்சுன்னு நான் கேட்டதும், காலி கப்புகளைக் கால்கிட்ட வரிசையா நிறுத்தி, ஓரமா ஒரு கப்பைக் காட்டி, "இப்ப பாரு, இவங்களுக்குப் பாதி மைதானத்தைச் சும்மா தூக்கிக் குடுத்துட்டான். ஜெயிச்சுட்டு இருக்கறவன் எதுக்குப்பா சூதாடணும்?"னு கேட்டார். 31-28ல தோத்தாங்க. அந்தப் பேரன் கப்புகளை ஒண்ணொண்ணா மிதிச்சு நசுக்கினான், தாத்தா தடுக்கவே இல்லை.

கழுகுக் கட்சி:
நான் மேல இருக்கற எல்லாருக்கும் வில்லன். ஜார்ஜியா சதர்ன் யுனிவர்சிட்டியில மாஸ்டர்ஸ் படிச்சவன். கன்சாஸ் சிட்டியில வேலை. 2022 செப்டம்பர் 10, நெப்ராஸ்காகூட எங்க டீம் மேட்ச், எங்க நீலச் சட்டை போட்டுக்கிட்டு லிங்கனுக்கு வண்டி ஓட்டிட்டுப் போனேன். அதுக்கு முன்னாடி வரைக்கும் சொந்த மைதானத்துல 35 பாயின்ட் இல்ல அதுக்கு மேல எடுத்த 214 மேட்ச்லயும் நெப்ராஸ்கா தோத்ததே இல்லை. அன்னிக்கு 42 எடுத்தும் தோத்தாங்க. நாங்க மொத்தம் 642 யார்டு எடுத்தோம், 36 வினாடி இருக்கும்போது கடைசி டச் டவுன், 45-42. எனக்கே சங்கடமாப் போச்சு.

அடி விழும்னு நினைச்சுத்தான் சட்டையை மறைச்சுக்கிட்டு வெளிய வந்தேன். படிக்கட்டுல ஒரு அம்மா என்னை நிறுத்தி, கை குடுத்து, "நல்லா ஆடினீங்க, பத்திரமா வீட்டுக்குப் போங்க"ன்னாங்க. பின்னாடி வந்த வீட்டுக்காரர் மட்டும், "உங்க கோச்சை விலைக்குக் குடுப்பீங்களா?"ன்னார். மறுநாள் ஞாயித்துக்கிழமை ஃப்ராஸ்டை அனுப்பிட்டாங்க. அக்டோபர் 1 வரைக்கும் பொறுத்திருந்தா, ஒப்பந்தம் முடியறதுக்கு முன்னாடி அனுப்பறதுக்காக அவருக்குக் குடுக்க வேண்டிய பணம் 15 மில்லியன்லேருந்து ஏழரையாக் குறைஞ்சிருக்கும். மூணு வாரம் பொறுக்க முடியாம ஏழரை மில்லியனை விட்டெறிஞ்சாங்கன்னா, அந்த வெறுப்பை நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

ஓமஹா மாமி:
கழுகு, அந்த அம்மா மாதிரிதான் இங்க முக்கால்வாசிப் பேர். எதிரணி மைதானத்தை விட்டுப் போறச்சே கைதட்டி அனுப்பறது இவாளுக்குப் பழக்கம். சொந்த டீமுக்குத்தான் அர்ச்சனை.

முடியாத பிஎச்டி:
ஃப்ராஸ்டோட மொத்தக் கணக்கு 16-31. ஒரு ஸ்கோர் வித்தியாசத்துல முடிஞ்ச மேட்ச்ல மட்டும் 5-22. மோசம்தான், நான் மறுக்கல. ஆனா அடுத்து வந்த மேட் ரூல் 2023-ல என்ன பண்ணினார்? 5-3ல இருந்து கடைசி நாலையும் தோத்து 5-7. நாலும் ஏழு பாயின்ட்டுக்குள்ள. 2024-ல 7-6, 2016-க்கு அப்புறம் முதல் தடவையா பவுல் மேட்ச் (சீசன் முடிஞ்சு நடக்கற கௌரவ மேட்ச்), பாஸ்டன் காலேஜை 20-15னு ஜெயிச்சாங்க, சந்தோஷம். ஐயோவா கதையை மட்டும் பாருங்க: 2023-ல 13-10 தோல்வி, கடைசி வினாடியில எதிரணி ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவுல உதைச்சு எடுக்கற மூணு பாயின்ட்). 2024-லயும் 13-10, கடைசி வினாடியில ஃபீல்டு கோல். கோச் வேற, ஆட்டக்காரங்க வேற. இதுக்கும் ஃப்ராஸ்ட்தான் காரணமா நரி?

சோளக்காட்டு நரி:
ரெண்டு வாட்டியும் அந்த ஃபீல்டு கோலுக்கு முன்னாடி, கடைசி அரை நிமிஷத்துல பந்தை எதிரணி கையில குடுத்தது யாரு? நெப்ராஸ்கா குவார்ட்டர்பேக். ஒரு வருஷம் இன்டர்செப்ஷன் (எறிஞ்ச பந்தை எதிரணி பிடிச்சுக்கிட்டது), மறு வருஷம் கையிலேருந்து நழுவ விட்டது. சும்மா பந்தோட மண்டியிட்டு நேரத்தைக் கடத்தி ஓவர்டைமுக்குப் போடான்னு சொல்ல வேண்டியது யார் வேலைங்க?