குறியிட்டு விட்டதும் திரும்பச் சிக்கியதும்: எண்ணிக்கை எடுத்தவர்களின் அனுபவங்கள்

ஓர் இடத்தில் மொத்தம் எத்தனை விலங்கு என்று ஒவ்வொன்றாக எண்ண முடியாதபோது, சிலவற்றைப் பிடித்துக் குறியிட்டு விட்டு, மறுபடி பிடித்ததில் எத்தனை குறியுள்ளவை என்று பார்த்து மொத்தத்தைக் கணிப்போம். காட்டெலிகளில் தொடங்குகிறேன். உயிரோடு பிடிக்கும் சின்ன அலுமினியப் பெட்டிப் பொறிகளைச் சம இடைவெளியில் வரிசையாக வைப்போம். சாயங்காலம் தீனி போட்டுத் திறந்துவிட்டு, விடிந்ததும் போய்ப் பார்க்க வேண்டும். சிக்கியதை எடைபோட்டு, காதில் எண் பொறித்த சிறு தகட்டை மாட்டி, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவோம். சில நாள் கழித்து மறுபடி பொறி. கணக்கு ஒரே வரிதான். முதல்முறை 60 எலிக்குக் குறி, இரண்டாம் முறை 50 சிக்கின, அதில் 15 குறியுள்ளவை என்றால் 60×50÷15, அதாவது அங்கே மொத்தம் சுமார் 200 எலிகள்.

வகுப்பறையில் இதைப் பாசிமணிகளை வைத்துச் செய்து காட்டுவார்கள், கச்சிதமாக வரும். மணிக்கு ஞாபகம் கிடையாது. எலிக்கு உண்டு! ஒரு பெண் எலி இருந்தது. பொறி திறந்தால் ஆஜர். வெளியே விட்டாலும் ஓடாது, அங்கேயே உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொள்ளும். எங்களுக்குச் செல்லம், கணக்குக்கு வில்லி. இப்படிப் பழகிய எலிகளால் அந்த 50-இல் குறியுள்ளவை 15-க்குப் பதில் 20 ஆனால், 200 என்பது 150 ஆகிவிடும். ஒருமுறை மாட்டியதில் பயந்து பொறிப்பக்கமே வராத எலிகள் இருந்தால் தலைகீழ்: இருப்பதைவிட அதிகம் காட்டும். இப்போதெல்லாம் முதல் சில இரவுகள் தீனியை மட்டும் போட்டு, கதவு மூடாதபடி விட்டுவிடுகிறோம். பொறி என்ற புதுமை எல்லா எலிக்கும் கொஞ்சம் தேய்ந்துவிடும்.

*

எலிக்காரர் கொடுத்துவைத்தவர், அவருக்கு 15 திரும்ப வந்திருக்கின்றன. நான் பார்த்தது குளத்து ஆமைகள். ஓட்டின் ஓரத் தகடுகளில் அரத்தால் சிறு வெட்டு போடுவோம். எந்தத் தகட்டில் வெட்டு என்பதே அதன் எண். குறி அழியாது, ஆமையும் குளத்தைவிட்டு எங்கும் போகாது என்று நிம்மதியாக இருந்தோம். திரும்பப் பிடிக்கப் போனால் வந்தவை விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 15-க்குப் பதில் 4 திரும்பினால் விடை 750. 3 என்றால் 1,000. 2 என்றால் 1,500. ஓர் ஆமை அன்றைக்குக் கரையேறி வெயில் காய்ந்ததா, வலைக்குள் புகுந்ததா என்பதில் ஐந்நூறு ஆமை கூடவோ குறையவோ செய்கிறது. ஒன்றுமே திரும்பாவிட்டால் பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டிய நிலை. 1951-இல் புள்ளியியலாளர் சாப்மன் சொன்ன திருத்தம் இங்கேதான் கைகொடுக்கும்: மூன்று எண்ணோடும் ஒன்று கூட்டி, பெருக்கி வகுத்து, கடைசியில் ஒன்று கழிக்க வேண்டும். உங்கள் 200 அதில் சுமார் 193 ஆகும். ஆனாலும் திரும்பி வந்தவை குறைவென்றால் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது. அறிக்கை கேட்டவர் "ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்" என்றார். இத்தனையிலிருந்து இத்தனைக்குள் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

*

நத்தை ஓட்டில் பளிச்சென்று வெள்ளைப் பெயிண்ட் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். வைக்கிறவருக்கு வசதி, பறவைக்கும் வசதி. குறியுள்ளவை மட்டும் அதிகம் தின்னப்பட்டால் திரும்பச் சிக்குவது குறையும், கணக்கோ ஏறிக்கொண்டே போகும். ஓட்டின் அடிப்பக்கம், கண்ணுக்குப் படாத நிறத்தில் ஒரு புள்ளி போதும். ராஜ பெங்குவின்களின் துடுப்பிறகில் மாட்டிய வளையங்களைப் பத்தாண்டு கவனித்து 2011-இல் வெளியான ஆய்வு இன்னும் மோசம்: வளையம் போட்டவை பிழைக்கும் அளவு 16 சதவீதம் குறைவு, ஈன்ற குஞ்சுகள் 39 சதவீதம் குறைவு. குறியே உயிரை மாற்றிவிட்டால் அப்புறம் எதை எண்ணுகிறோம்?

*

வண்ணத்துப்பூச்சிக்காரன் நான். இறகின் அடியில் மார்க்கர் பேனாவால் எண் எழுதுவேன். பெரும்பாலும் சிக்குவது ஆண்கள், ஒரே பாதையில் ரோந்து வருவதால். பெண்கள் இலைகளுக்குள் முட்டையிடப் போய்விடும். இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டே ஆக வேண்டும். நடுவில் சில செத்துப்போகும், புதியவை கூட்டுப்புழுவிலிருந்து வரும். இப்படி ஆள் மாறும் கூட்டத்துக்கு புள்ளியியலாளர்கள் ஜாலியும் சீபரும் 1965-இல் தனித்தனியே தந்த, பலமுறை பிடித்துக் கணக்கிடும் முறைதான் பொருந்தும், இரண்டு தடவை பிடித்ததை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

*

கையால் தொடாமல் எண்ணலாமே என்று கேமராவுக்கு வந்தவன் நான். விலங்கின் உடலில் இருக்கும் வரி, புள்ளி எல்லாம் இயற்கை போட்ட குறி, உதிராது. திமிங்கலச் சுறாவின் புள்ளிகளை ஒப்பிட, வானியலாளர்கள் நட்சத்திரப் படங்களைப் பொருத்தும் கணினி முறையையே எடுத்தார்கள். ஆனால் புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறு. ஒரு படத்தில் இடம், இன்னொன்றில் வலம் மட்டும் இருந்தால் அது ஒரு புலியா, இரண்டா? அதனால் பாதையின் இரு பக்கமும் கேமரா, ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் கண்ணில் அடிக்காதபடி சற்றுத் தள்ளி. ஒரு கேமரா மக்கர் பண்ணி ஒரு பக்கப் படம் மட்டும் கிடைத்த புலிகளில், மொத்தத்தில் எந்தப் பக்கத்தில் அதிகப் புலிகள் பதிவாகினவோ அந்தப் பக்கத்தை மட்டும் கணக்கில் எடுப்போம், மற்றதை ஒதுக்கிவிடுவோம்.