சிறுவர் படக்கதையைச் சொந்தச் செலவில் அச்சிட்டவர்கள் யாராவது உண்டா?

வேளச்சேரி வாசகி:
நான்கு வருடமாகச் சிறார் பத்திரிகைகளுக்குக் கதை எழுதுகிறேன், இதுவரை 11 வந்திருக்கிறது. இப்போது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து வழி தவறிவிடும் ஒரு பூநாரையைப் பற்றிப் படக்கதை தயார். ஒரு பதிப்பகம் எட்டு மாதம் வைத்திருந்துவிட்டு, கலர் புத்தகம் கட்டுப்படியாகாது, பாதிச் செலவை நீங்கள் போடுங்கள் என்றது. பாதி போடுவதற்கு முழுசாக நானே போட்டுவிடலாமே என்று தோன்றுகிறது. திருவல்லிக்கேணி அச்சகத்தில் 300 பிரதி கேட்டால், ஆயிரம் அடியுங்கள், ஒரு பிரதி விலை பாதியாகிவிடும் என்கிறார்கள். மொத்தம் 28 பக்கம். ஜனவரி நந்தனம் புத்தகக் காட்சிக்குள் முடியுமா? ஐ.எஸ்.பி.என் (புத்தகத்துக்கான அடையாள எண்) வாங்கித் தர ஒருவர் 3,000 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா?

கட்டிலடி ஆயிரம்:
பெயரைப் பார்த்தாலே என் கதை தெரியும். அச்சகத்தார் சொன்ன கணக்கு பொய்யில்லை. ஆஃப்செட்டில் நான்கு நிறத்துக்கும் பிளேட் போடும் செலவு நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் அதேதான், அதனால் எண்ணிக்கை கூடக் கூடப் பிரதி விலை இறங்கும். ஆனால் விற்றால்தானே அது லாபம்! 2019இல் ஆயிரம் அடித்தேன், இன்னும் 340 கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, வீட்டில் பெருக்கும்போதெல்லாம் பேச்சு கேட்கிறேன். முதலில் பிளேட் தேவைப்படாத டிஜிட்டலில் 100, 150 போடுங்கள். அப்புறம் அந்த 28 பக்கம். தாளை மடிப்பதே எட்டு, பதினாறு பக்கமாகத்தான், 24 அல்லது 32க்குக் கொண்டுவந்தால் தாள் வீணாகாது.

பக்க வடிவமைப்பாளன்:
படங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்திருந்தால் ஒரு எச்சரிக்கை மேடம். திரையில் தெரிகிற அந்தப் பளிச் ரோஸ் அச்சில் வராது. திரை ஒளியில் காட்டுகிறது, அச்சு நான்கு மையைக் கலந்து காட்டுகிறது, அதில் பூநாரை சலவைக்குப் போட்ட துண்டு மாதிரி ஆகிவிடும். ஓவியரிடம் சி.எம்.ஒய்.கே.வில், அதாவது அந்த நான்கு மை நிறத்தில், மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், படத்தின் துல்லியம் 300 டி.பி.ஐ., நான்கு ஓரத்திலும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதல். ஒரு பிரதியாவது தாளில் அடித்துப் பார்க்காமல் சரி சொல்லிவிடாதீர்கள். எழுத்து யூனிகோடில் இருந்து பழைய ஃபான்ட்டுக்கு மாறியிருந்தால் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எல்லாம் இடம் மாறியிருக்கும், கடைசி பி.டி.எஃப்.பை வரிவரியாகப் படியுங்கள். (என் முதல் புத்தகத்தில் அட்டையிலேயே போனது, அதைக் கேட்காதீர்கள்.)

கதைசொல்லி அத்தை:
ஐ.எஸ்.பி.என்னுக்குப் பைசா கொடுக்காதேம்மா. ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத்தான் தருகிறது, தனிநபரும் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். கொஞ்சம் நாளாகும், அதனால் இப்போதே போட்டுவிடு. புத்தகம் வந்ததும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் பிரதி அனுப்ப வேண்டும், 1954 சட்டம் இன்னும் இரண்டு நூலகங்களையும் சேர்த்துச் சொல்கிறது. பலர் விட்டுவிடுகிறார்கள், நீ விடாதே. புத்தகக் காட்சியில் தனியாகக் கடை எடுக்க ஆசைப்படாதே, தெரிந்த விற்பனையாளர் கடையில் வை. என்னிடம் 40 சதவீதம் கழிவு கேட்டார்கள், விலை போடும்போதே அதை நினைத்துக்கொள்.

என் செய்தியையும் சொல்லிவிடுகிறேன், பொறுக்க முடியவில்லை: பல்லி பற்றிய என் புத்தகம் இரண்டாவது அச்சுக்குப் போகிறது! எல்லாமே பள்ளிகளில் கதை சொல்லப் போன இடத்தில் விற்றவைதான். கடையில் போனது மொத்தமே ஒன்பது.

வேளச்சேரி வாசகி:
வாழ்த்துகள் அத்தை! நேற்று அக்கா மகளின் ஒன்றாம் வகுப்பில் பிரிண்ட் எடுத்துப் படித்துக் காட்டினேன். நடுவில் நான்கு பக்கம் ஒரு பிள்ளைகூடக் கவனிக்கவில்லை, ஒருவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். அந்த நான்கையும் தூக்கிவிட்டேன். இப்போது 24. டிஜிட்டலில் 150 சொல்லியிருக்கிறேன், ரோஸ் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை.

கட்டிலடி ஆயிரம்:
தண்ணீர் குடிக்கப் போனவனுக்கு ஒரு பிரதி இலவசமாகக் கொடுங்கள்.