நாணயக் கணக்கில் மாறி எதைக் குறிக்க வேண்டும்?

வைகைக்கரை (கேள்வி):
எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஒருபடிச் சமன்பாடுகளைத் தடுமாறாமல் தீர்க்கிறாள். அதே சமன்பாட்டை ஒரு நாணயக் கணக்கிலிருந்து தானே அமைக்க வேண்டும் என்றால் தவறிவிடுகிறாள். நேற்றைய வீட்டுக்கணக்கு இது: ஓர் உண்டியலில் 2 ரூபாய், 5 ரூபாய் நாணயங்கள் மட்டுமே உள்ளன. 5 ரூபாய் நாணயங்களின் எண்ணிக்கை 2 ரூபாய் நாணயங்களின் எண்ணிக்கையைப் போல் மூன்று மடங்கு. மொத்தத் தொகை 204 ரூபாய் எனில், ஒவ்வொரு வகையிலும் எத்தனை நாணயங்கள் உள்ளன?

நோட்டில் எக்ஸ் என்று உள்ளதை இங்கே 'க' என எழுதுகிறேன். "2 ரூபாய் நாணயம் = க, 5 ரூபாய் நாணயம் = 3க" என்று தொடங்கியவள், க + 3க = 204 என அமைத்து, க = 51 என முடித்துவிட்டாள். விடைப் பக்கத்தில் 12 என்று உள்ளது. எங்கே தவறினாள் என்பது எனக்குத் தெரிகிறது. அதை அவளுக்கு எப்படி விளக்குவது என்பதுதான் தெரியவில்லை.

கணக்கு_வாத்தியார்:
பிழை முதல் வரியிலேயே தொடங்குகிறது. "2 ரூபாய் நாணயம் = க" என்னும்போது, க என்பது நாணயங்களின் எண்ணிக்கையா, அவற்றால் கிடைக்கும் பணமா என்பதை அந்த வரி சொல்லவில்லை. எண்ணிக்கை என்று நினைத்துத் தொடங்கிய குழந்தை, 204 என்ற எண்ணைக் கண்டதும் தன்னையறியாமல் பணத்துக்குத் தாவிவிட்டது. க + 3க என்பது நாணயங்களின் எண்ணிக்கை, 204 என்பது ரூபாய். இவ்விரண்டுக்கும் நடுவில் சமக்குறி நிற்காது.

ஆகவே "2 ரூபாய் நாணயங்களின் எண்ணிக்கை க என்க" என்று முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். அடுத்து, ஏழு 5 ரூபாய் நாணயங்கள் சேர்ந்தால் எவ்வளவு என்று கேளுங்கள். 35 என்று உடனே சொல்வாள். எப்படி வந்தது என்று கேட்டால், ஐந்தை ஏழால் பெருக்கினேன் என்பாள். அந்த ஏழின் இடத்தில்தான் இப்போது 3க நிற்கிறது. 2 × க + 5 × 3க = 204, அதாவது 17க = 204, எனவே க = 12. 2 ரூபாய் நாணயங்கள் 12, 5 ரூபாய் நாணயங்கள் 36; 24 + 180 = 204. அவளுடைய 51-ஐயும் இதே போல் அவளையே சரிபார்க்கச் சொல்லுங்கள். 102 + 765 = 867 என்று வரும்போது, நீங்கள் விளக்குவதற்கு அதிகம் மிச்சமிருக்காது.

நெய்தல்:
இயற்கணிதத்துக்கு முன்பு கைக்கணக்காக ஒருமுறை செய்துபார்ப்பது நல்லது என்பது என் கருத்து. ஒரு 2 ரூபாய் நாணயத்தையும் மூன்று 5 ரூபாய் நாணயங்களையும் ஒரு பொட்டலமாகக் கட்டினால் 17 ரூபாய்; 204 ரூபாய்க்கு 12 பொட்டலங்கள். சமன்பாட்டில் வந்த 17க இந்தப் பொட்டலம்தான்.

மடங்குக்குப் பதிலாக "மொத்தம் 60 நாணயங்கள், 204 ரூபாய்" என்று கொடுத்திருந்தால் பொட்டலம் உதவாது. அப்போது அறுபதும் 2 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 120 ரூபாய்தான் வரும், 84 குறைகிறது. ஒரு 2 ரூபாயை எடுத்துவிட்டு 5 ரூபாயை வைக்கும் ஒவ்வொரு முறையும் 3 ரூபாய் கூடுவதால், 28 முறை மாற்ற வேண்டும். விடை 28 ஐந்து ரூபாய், 32 இரண்டு ரூபாய். 5 ரூபாய் நாணயங்களின் எண்ணிக்கையைக் க எனக் கொண்டு, 2(60 − க) + 5க = 204 என்பதைச் சுருக்கினால் 3க = 84 என்றே வரும்.

காலணா:
"மூன்று மடங்கு" எந்தப் பக்கம் சேரும் என்பதிலும் பல குழந்தைகள் வழுக்குவார்கள். இதே கணக்கில் மடங்கைத் திருப்பிப் போட்டால் 11க = 204 என்று வந்து, க பின்னமாகிவிடும்; அரைகுறை நாணயம் கிடையாது என்பதால் பிழை உடனே தெரியும். ஆனால் 51-உம் முழு எண்தானே! முழு எண் வந்துவிட்டது என்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது.

கணக்கில் பைசாவும் ரூபாயும் கலந்து வந்தால், எல்லாவற்றையும் பைசாவாக்கிவிட்டுத் தொடங்குவதே பாதுகாப்பு. 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போன 25 பைசாவை இன்னும் கணக்குகளில் பார்க்கிறேன். அதைக் கண்ணால் காணாத குழந்தையிடம் நான்கு சேர்ந்தால் ஒரு ரூபாய் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். 1957-இல் நயாபைசா வருவதற்கு முன்பு ரூபாய்க்குப் பதினாறு அணா என்று கணக்குப் போட்டவர்களை நினைத்தால் இது எளிதுதான்.

வைகைக்கரை:
மிக்க நன்றி. 867 என்று வந்ததும் அவளே சிரித்துவிட்டு, அடுத்த இரண்டு கணக்குகளைச் சரியாகச் செய்தாள். இப்போது அவளாகவே ஒன்று கேட்கிறாள்: 1, 2, 5 ரூபாய் என மூன்று வகையும் கலந்து 20 நாணயங்கள், மொத்தம் 50 ரூபாய் என்றால் விடை காண முடியுமா?

கணக்கு_வாத்தியார்:
நல்ல கேள்வி. 1, 2, 5 ரூபாய் நாணயங்களின் எண்ணிக்கையை முறையே க, ச, ட எனக் கொண்டால், க + ச + ட = 20, க + 2ச + 5ட = 50. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் ச + 4ட = 30. மூன்று மாறிகளுக்கு இரண்டு சமன்பாடுகள் மட்டுமே இருப்பதால் ஒரே விடை உறுதியில்லை. எனினும் எதுவும் பின்னமாகவோ குறை எண்ணாகவோ இருக்க முடியாது என்பதால் ட-வின் மதிப்பு 4, 5, 6, 7 ஆகியவற்றுள் ஒன்றாகவே இருக்கும். ட = 4 எனில் ச = 14, க = 2; ட = 7 எனில் ச = 2, க = 11. நடுவில் உள்ள இரண்டையும் அவளே கண்டுபிடிக்கட்டும். முழு எண் விடைகளை மட்டும் தேடும் இத்தகைய சமன்பாடுகளுக்குத்தான் ஆரியபட்டர் குட்டக முறையைத் தந்தார். 1 ரூபாயும் 5 ரூபாயும் சம எண்ணிக்கையில் உள்ளன என்ற ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் நான்கு விடைகளில் எது மிஞ்சும் என்று கேட்டுப் பாருங்கள்.