வால்பேப்பரை உரிச்சாச்சு, பசை மட்டும் போகல: யாருக்காவது இப்படி ஆயிருக்கா?

மாடிவீடு:
பேப்பர் உரிக்கிற கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அத விடுங்க. எனக்கு இன்னும் உறுத்துறது அதுக்கு அப்புறம் நடந்தது. பெயிண்டர் செவுத்தத் தடவிப் பாத்துட்டு "சுத்தமா இருக்குங்க, அடிச்சிரலாம்"னு எமல்ஷனை ஓட்ட ஆரம்பிச்சாரு. நான் பக்கத்துலயே நிக்கிறேன், ஈரம் இழுக்க இழுக்க பெயிண்ட் காஞ்ச ஏரி மாதிரி பாளம் பாளமா வெடிக்குது, ரெண்டாவது கோட் போடலாம்னு ரோலரை வச்சா முதல் கோட் தோலா உரிஞ்சு ரோலரோடயே சுத்திக்கிட்டு வருது. அவரு டப்பாவைத் தூக்கி தேதி பாக்குறாரு! பெயிண்ட்ல ஒரு குத்தமும் இல்லங்க. அடியில இருந்த பழைய பசை பெயிண்ட்ல இருக்கற தண்ணியக் குடிச்சு ஊறி, காயுறப்போ சுருங்கி மேல இருக்கறதையும் இழுத்துருச்சு.

நீலக்கறை:
காஞ்ச கையால தடவினா எப்படித் தெரியும்? கையை நனைச்சுட்டு தடவணும், வழுக்கினா பசை இருக்குன்னு அர்த்தம். எங்க மாமா இன்னொண்ணு பண்ணாரு. நாங்கல்லாம் கழுவி முடிச்சாச்சுன்னு உக்காந்துட்டோம், அவரு டிஞ்சர் அயோடினை தண்ணில கலந்து ஸ்பாஞ்சால ஒத்தி விட்டாரு. வெறும் பிளாஸ்டர்ல வளைவு வளைவா கருநீலம் எழும்பி வந்துச்சு பாருங்க, எந்தக் காலத்துலயோ யாரோ பிரஷ்ஷை வீசிப் பசை பூசின கைவேகம் அப்படியே தெரிஞ்சுது. எனக்கு அது மறக்கவே மாட்டேங்குது.

கரண்டிக்காரன்:
நீலக்கறை சொல்றது மாவுப்பசைக்கு மட்டும்தான் சரி. மாவே இல்லாத மெத்தில் செல்லுலோஸ் பசைன்னா அயோடின் போட்டாலும் நீலமா மாறாது, அத நம்பி இல்லன்னு முடிவு பண்ணிராதீங்க. என்சைம் கலந்த ரிமூவர் பலதும் அதே கதைதான், மாவைத்தான் உடைக்கும், செல்லுலோஸை ஒண்ணும் பண்ணாது. என் அனுபவம் பெருசா ஒண்ணுமில்ல, ஒரு ரூம் பண்ணேன், வந்துருச்சு. ஆனா யாராச்சும் பண்ணப் போறீங்கன்னா கேட்டுக்கங்க, முதல்ல அந்த ரூமுக்கு மெயினை ஆஃப் பண்ணிடணும், சுவிட்ச் பாக்ஸுக்குள்ள தண்ணி எறங்கும். சூடான தண்ணி, கொஞ்சம் கொஞ்சம் எடமா நனைச்சு, கொழகொழன்னு ஆகுற வரைக்கும் விட்டு, அகலமான ஸ்கிரேப்பரால படுக்க வச்சுத் தள்ளணும், அதோட ரெண்டு முனையையும் அரம் போட்டு மழுக்கிருங்க, இல்லன்னா பிளாஸ்டர்ல கோடு விழும். அப்புறம் ஸ்பாஞ்ச். தண்ணிய மாத்திக்கிட்டே இருக்கணும், எல்லாரும் இங்கதான் சோம்பேறித்தனம் பண்றாங்க, கலங்கின தண்ணில தொடச்சா பசையை எடுக்கல, செவுரு பூரா மெல்லிசாப் பரப்புறீங்க. காஞ்சதும் டார்ச்சை செவுத்து ஓரமா வச்சு அடிச்சுப் பாருங்க, பளபளங்கற எடமெல்லாம் பசை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, சூட்டுல பசை இளகி தாளை அடைச்சிரும், பழைய வீடுன்னா அடியில ஈயம் கலந்த பெயிண்ட் இருந்தாலும் இருக்கும், அந்தத் தூசி ஆகாது. எவ்வளவு கழுவியும் போகலன்னா நல்லாக் காயவிட்டு ஆயில் ப்ரைமர் ஒரு கோட், தண்ணி கலந்த ப்ரைமர் வேணாம்.

ஆவிபறக்க:
ப்ரோ கட்டுரையே எழுதிட்டீங்க. ஆவி அடிச்சுப் பேப்பரை இளக்குற ஸ்டீமரை விட்டுட்டீங்களே? எங்க வீட்டுக்கு வந்த ஆளு ஒரே எடத்துல ஸ்டீமரை அழுத்திப் புடிச்சுக்கிட்டு போன் பேசுறாரு, உள்ள 'டப்'னு ஒரு சத்தம், மேல்பூச்சு தட்டு அகலத்துக்குப் பேந்து அவரு காலடியில விழுந்துச்சு. போனை வைக்கல மனுஷன்!!

பழையசுண்ணாம்பு:
வினிகர் பத்தி யாரும் பேசலியே, எங்க அண்ணன் சுண்ணாம்புப் பூச்சுல அதத்தான் அடிச்சாரு. புசுபுசுன்னு நுரை வந்ததும் "பாத்தியாடா, பசை கரையுது"ன்னு ஒரே சந்தோஷம். கரைஞ்சது சுண்ணாம்பு.

மாடிவீடு:
பழையசுண்ணாம்பு அண்ணே, எங்களுது ஜிப்சம் பிளாஸ்டர், அதுல வினிகர் நுரைக்காதுல்ல?

பழையசுண்ணாம்பு:
நுரைக்காதும்மா, ஆனா ஜிப்சம் ரொம்ப நேரம் ஊறுனா மேல்பக்கம் பொதுக்குன்னு ஆயிரும். வினிகரே வேணாம், சுடுதண்ணி போதும், ஆனா ஊத்தாம ஸ்பாஞ்சைப் புழிஞ்சுட்டுத் தொடைங்க.